பிழையில்லாத ஆய்வகம்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் நலமா? உன் இடது காது எப்படி இருக்கிறது? போனில் என்ன கேட்டாலும் "ஆமாக்கா" என்கிறாய். போன வாரம் "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணலாமா, வேண்டாமா?" என்று கேட்டேன். அதற்கும் "ஆமாக்கா"தான். பண்ணலாமா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதனால் பழையபடி கடிதமே எழுதுகிறேன்.

ஒரு நல்ல செய்தி. மூன்று வருஷமாக நான் வாசல் வாசலாக ஏறி இறங்கிய ஆராய்ச்சிக்கு நிதிக்குழு பணம் ஒதுக்கிவிட்டது. தடய ஆய்வகங்களில் தவறு எங்கே நடக்கிறது, எந்தப் பழக்கத்தால் நடக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. போலி வழக்குகளை நாங்களே உண்டாக்கி, கறை படிந்த துணிகளைப் பொட்டலம் கட்டி, காவல் நிலையத்திலிருந்து வருவது போலவே ஆறு ஆய்வகங்களுக்கு அனுப்புவோம். எது நிஜம், எது போலி என்று சோதிப்பவர்களுக்குத் தெரியாது. சரியான விடை எங்களிடம் இருக்கும். தவறுகள் தெரியவந்தால் இரண்டாம் கட்டமாக ஆய்வகங்களுக்குத் தனி அறைகளும் கூடுதல் ஆட்களும் கிடைக்க வழி பிறக்கும்.

உங்கள் ஆய்வகமும் அந்த ஆறில் ஒன்று. நீ என் தம்பி என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். உங்களுக்கான பொட்டலங்களை வேறொருவர் அனுப்புவார், எல்லாம் முடியும்வரை உங்கள் விடைகளை நான் பார்க்கக் கூடாது என்று ஏற்பாடு. நீயும் அதைப் பற்றி என்னிடம் பேசக் கூடாது. பேசினால் சின்ன வயதில் திருகிய காதை மறுபடியும் திருகுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

ஜனவரி 29

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே இருவரும் சௌக்கியம். அத்தானையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல். கண் ஆபரேஷன் கட்டாயம் பண்ணிவிடு. இந்தத் தடவை கேள்வி சரியாகக் கேட்டது.

உன் கடிதத்தை இவளுக்குப் படித்துக் காட்டினேன். "உங்களைப் பரீட்சை எழுத வைக்க உங்க அக்காதான் வரணும்" என்று சிரிக்கிறாள்.

எங்கள் பிரிவை நீ பார்த்ததில்லை. ஐந்து பேர், ஒரு அறை, ஜன்னலோரம் இரண்டு மேசை. இன்னொரு அறையும் உண்டு, அதில் ஓடாத குளிர்பெட்டியும் கால் ஒடிந்த நாற்காலிகளும் குடியிருக்கின்றன. செத்தவர் துணியையும் பிடிபட்டவர் துணியையும் வேறு வேறு அறையில் பிரிக்க வேண்டும் என்று விதி. நாங்கள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்து, நடுவில் மேசையைத் துடைத்துச் சமாளிக்கிறோம். மேலே இருந்து அவசரப்படுத்தினால் அந்த இடைவெளி சுருங்கிப்போகும்.

அப்படியிருந்தும் எங்கள் அறிக்கை ஒன்றுகூட இதுவரை தப்பென்று நீதிமன்றத்திலிருந்து திரும்பியதில்லை. இப்போது ஒரு சின்னப் பெண் சேர்ந்திருக்கிறாள். நான் ஒரு துணியைப் பிரிப்பதற்குள் அவள் மூன்றை முடித்துவிடுவாள். மின்னல் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். துணை இயக்குநர் இடம் காலியாகிறது, என் பெயரும் அடிபடுகிறது. இந்த வருஷம் பார்த்தா உன் பரீட்சை வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இனி அதைப் பற்றி வாய் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
காது கேளாத உன் தம்பி

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம், உங்கள் நலம் அறிய ஆவல். அம்மாவுக்கு ஒரு கண் ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். அவளா கேட்பாள்? "சும்மா உக்காந்தா கை மரத்துப்போகுது, ஏதாவது குடு" என்று என்னைப் பிய்த்து எடுத்தாள். கொஞ்சம் தையல் வேலை கொடுத்திருக்கிறேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தால் போதும், மீதியை விரல் பார்த்துக்கொள்கிறது. தையல்காரி என்றால் கடைசிவரை தையல்காரிதான் போலிருக்கிறது. நம் இருவர் படிப்பும் அந்த விரலில்தானே வந்தது.

நானும் அலைகிறேன். சரியாகத் தூங்கி நாளாகிறது. ஆனால் சந்தோஷமான அலைச்சல். அத்தான் சொல்கிறார், "இந்தப் பணம் வந்ததுல இருந்து நீ சண்டை போடுறதே இல்ல" என்று. நேரம் கிடைத்தால் அதையும் கவனிக்க வேண்டும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா

மே 20

அன்பு அக்காவுக்கு,

இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை தலைக்குமேல் கிடக்கிறது. சில வழக்குகளை நானே எடுத்துச் செய்கிறேன். பிரிவுத் தலைவர் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது இல்லையா?

அம்மா இன்னும் தைக்கிறாளா? அவளை அதிகம் சிரமப்படுத்தாதே. இன்னொரு கண்ணும் சரியாகட்டும்.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி

ஜூலை 14

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலிக்கிறது என்று உன் மனைவி போனில் சொன்னாள். நீ எழுதவே இல்லையே.

விடைகளைப் பிரித்துவிட்டோம், இனி எழுதலாம். ஐந்து ஆய்வகங்களில் தவறுகள் கிடைத்தன. நாங்கள் எதிர்பார்த்தவைதான். ஒரு பொட்டலத்தின் கறை இன்னொன்றில் ஒட்டிக்கொள்வது, சீட்டு மாறிப்போவது. உங்கள் பிரிவில் மட்டும் ஒன்றுகூட இல்லை. குழுத் தலைவர் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உங்க தம்பியோட லேப்தானே?" என்று கேட்டார். பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு வந்த எல்லாப் பொட்டலங்களையும் சோதித்தவர் என்ற இடத்தில் உன் கையெழுத்தே இருக்கிறது. ஐந்து பேர் என்று எழுதியிருந்தாயே. மின்னலுக்கு ஒன்றுகூடப் போகவில்லையா? சும்மாதான் கேட்கிறேன். அறிக்கையை மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும், அதற்குமுன் பதில் போடு.

அம்மா உன்னைக் கேட்கிறாள்.
அக்கா

ஆகஸ்ட் 9

அன்பு அக்காவுக்கு,

நலம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன், பரவாயில்லை. உன் கடிதம் வந்தபோது இங்கே தணிக்கை நடந்துகொண்டிருந்தது, அதனால் தாமதம்.

பதவி உயர்வு வந்துவிட்டது. துணை இயக்குநர் அறையில் குளிர்சாதனம் இருக்கிறது. ஆனால் அதன் சத்தத்தில் எனக்கு இருக்கிற ஒரு காதும் கேட்பதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் நான் அவர்கள் சொல்வதை ஆழ்ந்து யோசிப்பதாக நினைக்கிறார்கள்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிரிவுத் தலைவர் போடுவது வழக்கம்தானே.

இவள் உன்னை மிகவும் விசாரித்தாள். தீபோல வெயில் அடிக்கிறது. அம்மாவை வெளியே அனுப்பாதே.

தம்பி

செப்டம்பர் 2

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அத்தானுக்கு லேசான இருமல்.

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். நேற்று குழு கூடியது. உங்கள் ஆய்வகத்தைப் பற்றித்தான் முழுப் பேச்சும். தலைவர் சொன்னார், "ஒரே அறை, ரெண்டு மேசை, அஞ்சு ஆளு. இவ்வளவுதான் வச்சுக்கிட்டு ஒரு லேப் தப்பே இல்லாம வேலை செய்யுதுன்னா, மத்தவங்களுக்கு மட்டும் தனி ரூம் எதுக்கு? குறை கட்டடத்துல இல்ல, ஆளுங்ககிட்டதான் இருக்கு." எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாம் கட்டப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். மற்ற ஆய்வகங்களிலிருந்து ஆட்களை உன்னிடம் பயிற்சிக்கு அனுப்பப்போகிறார்களாம்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார்கள். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடிப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நல்லபடியாகச் சொல்லிக்கொடு.

அக்கா

நவம்பர் 17

அக்காவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் நினைக்கிறேன். நீ கடைசியாக எழுதியதிலிருந்து நான் எழுதாமல் இருந்ததற்குக் காது காரணமில்லை, முழங்காலும் இல்லை.

ஏப்ரலில் ஒரு பொட்டலம் வந்தது. மேல்துணியின் மூலையைத் தொட்டதும் என் கை நின்றுவிட்டது. துணியை உள்ளே மடித்து, இரண்டு தடவை திரும்பி வந்து, முடிச்சை உள்பக்கமாக ஒளித்த தையல். நம் பள்ளிக்கூடப் பைகளுக்கு அம்மா போட்டது. எந்தக் காவல் நிலையத்திலும் அப்படித் தைக்கிறவர் கிடையாது. எடுத்துக்கொண்டுபோய் இயக்குநரிடம் கொடுத்திருக்க வேண்டும். "இது தெரிஞ்சுபோச்சு சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். நான் அதை என் மேசைக்குக் கொண்டுபோனேன். அடுத்து வந்ததையும். அதற்கடுத்ததையும். ஒவ்வொன்றையும் தனியாக, யாரையும் கிட்டே விடாமல், மேசையை மூன்று தடவை துடைத்துச் செய்தேன். நிஜ வழக்கு எதையும் நான் அப்படிச் செய்ததில்லை.

இனிதான் சொல்ல வேண்டியது. மே மாதத்தில் ஒரு லாரிக் கொட்டகையில் படுத்திருந்த அதன் முதலாளியை அடித்துக் கொன்றுவிட்டார்கள். அங்கே தண்ணீர் லாரி ஓட்டியவருக்கும் அவருக்கும் முந்தின வாரம் வாய்த்தகராறு. அந்த ஓட்டுநரைப் பிடித்தார்கள். செத்தவருடைய படுக்கை விரிப்பும் ஓட்டுநருடைய சட்டையும் ஒரே காலையில் எங்களிடம் வந்தன. அவசரம் என்றார்கள். மின்னல் இரண்டையும் ஒரே மேசையில் பிரித்தாள். எனக்கு முதுகு காட்டிக்கொண்டு, நான்கு அடி தூரத்தில். "சார், ரெண்டையும் இப்பவே முடிச்சுடவா?" என்று கேட்டாள். எனக்குக் கேட்டது அக்கா, நல்ல காதில்தான். "முடிச்சுடு" என்றேன். என் மேசையில் அப்போது உன் பொட்டலம் இருந்தது.

சட்டையில் செத்தவரின் இரத்தம் இருக்கிறது என்று அறிக்கை போயிற்று. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்த மனிதர் ஆறு மாதம் உள்ளே இருந்தார்.

போன மாதம் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் மின்னல் என் அறைக்கு வந்தாள். "சார், அன்னைக்கு ஒரே மேசையிலதான் பிரிச்சேன். கேட்டா என்ன சொல்லணும்?" என்றாள். "உன்னைக் கூப்பிட மாட்டாங்க, கவலைப்படாதே" என்று அனுப்பிவிட்டேன். அவள் கேட்டதற்கு அதுவா பதில்?

கூண்டில் ஏறியபோதுகூட, விதிப்படி நடந்தது என்று சொல்லத்தான் இருந்தேன். ஓட்டுநரின் வக்கீல் ரொம்ப இளவயது, குரலே நடுங்கியது. "ரெண்டு பொருளையும் எந்த மேசையில பிரிச்சீங்க?" என்றார். அந்தக் கேள்வியில் எதைப் பிடித்திருக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. நான் கேட்காதது போல இருந்தேன். அவர் பாவம், என் காதைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும், கிட்டே வந்து மெதுவாகத் திருப்பிக் கேட்டார். அந்த மரியாதை என்னால் தாங்க முடியவில்லை.

"ஒரே மேசை. ஒரே காலையில" என்றேன்.

"அது சரியா?"

"சரியில்ல."

நீதிபதி நிமிர்ந்தார். "நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க ஐயா. பார்க்காம போட்டேன்."

"ஏன் பார்க்கல?"

"வேற ஒரு வேலையில கவனமா இருந்தேன்."

என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. ஓட்டுநர் அன்று போட்டிருந்த கால்சட்டை, பெல்ட், செருப்பு எல்லாம் வேறு ஆய்வகத்துக்குப் போயின. எதிலும் ஒன்றுமில்லை. போன வாரம் அவரை விடுதலை செய்துவிட்டார்கள். சிறை வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். நான் எதிர்ச் சாரியில் கடை ஒன்றின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சாலையைத் தாண்டவில்லை.

அந்தப் பெண் பேரில் பழி போகக் கூடாது. மின்னலைப் பற்றி நான் எழுதியதை எங்கேயும் சொல்லாதே. மற்றதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

தம்பி

நவம்பர் 30

தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். உன் மனைவியிடம் நீ சொல்லிவிட்டாயா? சொல்லியிருக்காவிட்டால் சொல். இதை வைத்துக்கொண்டு வீட்டில் நடமாட முடியாது. எனக்குத் தெரியும்.

நீ எழுதியதில் பாதி எனக்கு ஜூலையிலேயே தெரியும். எல்லாவற்றிலும் உன் கையெழுத்தைப் பார்த்த உடனே தெரிந்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்பது மட்டும் தெரியவில்லை. ஒரு நாள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் தைத்து மிச்சம் இருந்த பொட்டல உறை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு எதுவும் தெரியாமல் இல்லை. அந்த வேலையை அவளிடம் கொடுத்தவள் நான். உன்னைக் கடிதத்தில் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயந்துதான் கேட்கவில்லை. நீ சொன்னால் என் ஆராய்ச்சி போய்விடும். மூன்று வருஷம் அலைந்து வாங்கியது என்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். தவறை மறைக்காமல் சொல்ல ஆய்வகங்களைப் பழக்க வேண்டும் என்று அந்தக் குழுவின் முன்னால் பேசிப் பணம் வாங்கியவள் நான்.

அந்த மனிதர் உள்ளே இருந்த மாதங்களில் எத்தனை மாதம் உன்னுடையது, எத்தனை மாதம் என்னுடையது என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். பிரிக்க வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே குழுத் தலைவரைப் பார்க்கப் போனேன் என்று எழுத ஆசை. போகவில்லை. இரண்டு நாள் மேசையில் வைத்துக்கொண்டு கிடந்தேன். அத்தான்தான், "நீ போறியா, நான் போகட்டுமா?" என்று கேட்டார். அவர் அப்படி என்னிடம் பேசியதே இல்லை.

தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றார்.

"ஜூலையில."

"அறிக்கை கொடுத்தது?"

"அதுக்கப்புறம்."

அவர் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். என் முகத்தைப் பார்க்காமலிருக்க ஒரு வேலை வேண்டியிருந்தது அவருக்கு. ஆராய்ச்சியிலிருந்து என்னை விலக்கிவிட்டார்கள். பணம் நிற்காது, வேறு ஆட்கள் முதலிலிருந்து செய்வார்கள். இரண்டாம் கட்டத்தை நிறுத்திய முடிவையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உங்கள் இயக்குநருக்கும் எழுதுவார்கள். மின்னலின் பெயர் என் வாயிலிருந்து வரவில்லை.

அம்மா நேற்று, "இன்னும் உறை இருந்தா குடு, இப்ப ரெண்டு கண்ணும் நல்லா தெரியுது" என்றாள். வேலை முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். "நல்லா இருந்துச்சாமா?" என்று கேட்டாள். நல்லா இருந்தது என்றேன்.

அவளிடம் சொல்ல வேண்டியவன் நீ. நேரில் வந்து சொல்.

அக்கா

பிப்ரவரி 22

அன்பு அக்காவுக்கு,

இங்கே இருவரும் இருக்கிறோம். இவளிடம் சொல்லிவிட்டேன். நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் முழங்காலுக்குத் தைலம் எடுத்துக் கொடுத்தாள், அப்போதும் பேசவில்லை. இப்போது பேசுகிறாள். அம்மாவின் கண்ணும் அத்தானின் இருமலும் எப்படி?

பதவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், விசாரணை நடக்கிறது. பழைய அறையில் பழைய மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், அறிக்கையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. மின்னலிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தமில்லை, எனக்குப் புரிந்தது. இப்போது நிதானமாக வேலை செய்கிறாள். மின்னல் என்று யாரும் கூப்பிடுவதில்லை.

புதிய குழு ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டது. எந்தப் பொட்டலம் அவர்களுடையது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து அறையிலிருந்து உடைந்த நாற்காலிகளை அகற்ற ஆட்கள் வந்து, அறையை அளந்துகொண்டு போயிருக்கிறார்கள்.

உனக்கு எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. போன செவ்வாய்க்கிழமை அந்த ஓட்டுநர் வந்தார். அவருடைய பொருள்களைத் திருப்பித் தர நீதிமன்றம் சொல்லியிருந்தது. பொருள் கொடுக்கிற ஜன்னலில் ஆள் இல்லாததால் நான்தான் போக வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். ஒல்லியான மனிதர், ஐம்பது வயதிருக்கும். தலையை நன்றாகப் படிய வாரியிருந்தார், யாரோ பெரியவர் வீட்டுக்குப் போவது போல.

வேறு ஆய்வகத்திலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்திருந்த கால்சட்டை, பெல்ட், செருப்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். சட்டையில் நாங்கள் சோதனைக்குச் சதுரம் சதுரமாக வெட்டியிருந்தோம். அதைப் பிரித்துப் பார்த்து, மடித்து, மற்றவற்றின் அடியில் வைத்துக்கொண்டார். கிளம்புவார் என்று நினைத்தேன்.

"அந்த மேசையைப் பார்க்கலாமா?" என்றார்.

வெளியாட்களை உள்ளே விடக் கூடாது. நான் இயக்குநரிடம் போய்க் கேட்டேன். "கூட்டிட்டுப் போங்க, வாசல்லயே நில்லுங்க" என்றார்.

வாசலில் நின்று காட்டினேன். என் மேசை எது, அந்த மேசை எது என்று. அவர் இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தார், திரும்ப என் மேசையைப் பார்த்தார். "நீங்க அங்கயா இருந்தீங்க?"

"ஆமாங்க."

"இவ்வளவு பக்கத்துல."

கேள்வியாக அவர் அதைக் கேட்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் பல நாளாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். "ஐயா, அன்னைக்கு நான் பார்த்துக்கிட்டு இருந்தது ஒரு பரீட்சைப் பொட்டலம். எனக்கு நல்ல பேர் வரணும்னு..." என்று தொடங்கினேன். அவர் கையை லேசாக உயர்த்தினார், நிறுத்தச் சொல்லி. கோபமாக இல்லை. லாரி ஓட்டுகிறவர்கள் பின்னால் வருகிற வண்டிக்குக் காட்டுவார்களே, அப்படி.

அதற்குள் அந்த மேசையில் வேலை செய்துகொண்டிருந்த சின்னப் பெண் அவர் யாரென்று புரிந்துகொண்டு எழுந்து நின்றுவிட்டாள். கையுறையோடு அப்படியே நின்றாள். அவர் அவளைப் பார்த்தார்.

"உக்காருங்கம்மா. வேலையைப் பாருங்க" என்றார். பிறகு, "மெதுவாவே பண்ணுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

பொருள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அக்கா. அவர் திட்டியிருந்தால் உனக்கு அதை எழுதியிருப்பேன். மன்னித்திருந்தால் அதையும் எழுதியிருப்பேன். எழுத எதுவும் இல்லை. என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

விடுப்புக் கேட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அம்மாவிடம் நான் வருவதை மட்டும் சொல்.

உன்
தம்பி